காந்தாவின் குட்டையும் அறுபத்து நான்கு கழிகளும்

1991 ஜூன் மாதம் தேன்கனிக்கோட்டையிலிருந்து மாநில எல்லை தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வேலைக்கு வந்தபோது காந்தாவுக்கு வயது இருபத்திரண்டு. ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் இஸ்திரி போடும் வேலை. ஒரே அறையில் எட்டுப் பெண்கள் தங்கியிருந்தார்கள். எட்டுத் தலை பக்கம் பக்கமாகப் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலையில் பேன் வந்தால் அந்த வாரமே எல்லாத் தலையிலும் வரும்.

காந்தாவிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மரப் பேன் சீப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை வாசலில் வெளிச்சம் பார்த்து உட்காருவாள். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து குனிவார்கள். மற்றவர்கள் நாலு பேனை நசுக்கிவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவார்கள். காந்தா எழமாட்டாள். முடி முடியாகப் பிரித்து ஒட்டியிருக்கும் ஈரைத் தேடுவாள். "பேன் எங்கடி போவப் போவுது, இங்கதான் கெடக்கும். ஈர உட்டா அடுத்த வாரம் திரும்பவும் எங்கிட்டதான் வந்து குனிவ" என்று திட்டிக்கொண்டே எடுப்பாள். பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள்கூட அவளிடம் வந்து தலையைக் காட்டினார்கள்.

1994இல் ஆனேக்கல்லில் டிராக்டர் ஓட்டும் நாராயணசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே ஊரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தாள். இஸ்திரி வேலையை விட்டாள். ஓசூர்ப் பக்கம் அணைமீன் வாங்கி, ஞாயிறுதோறும் பொம்மசந்திராவில் கம்பெனிகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்து விற்க ஆரம்பித்தாள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தருமபுரி, வேலூர்ப் பக்கத்துத் தொழிலாளிகள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒருவனும் பையைத் திறக்கமாட்டான். காந்தாவோ அவன் கேட்கும் முன்பே செவுளைத் தூக்கிக் காட்டுவாள்.

மூன்று வருடம் அடுத்தவர் பிடித்த மீனை விற்ற பிறகு, தன் மீனை விற்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஊருக்குக் கிழக்கே கோவிந்தப்பா என்கிற நிலக்காரருக்கு இரண்டு ஏக்கர் குட்டை ஒன்று இருந்தது. முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். மழைநீர் தேங்கிக் குட்டையாகிவிட்டது. அதைக் காந்தா குத்தகைக்கு எடுத்தாள். குத்தகை யுகாதிக்கு யுகாதி. கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று வகைக் கெண்டைக் குஞ்சுகளும் விட்டாள். தவிடும் பிண்ணாக்கும் போட்டாள். சாணிக்காக ஊர் மாடுகளின் பின்னால் நடந்தாள். நாராயணசாமிக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்காலுக்கு மேல் நனைந்தால் கரைக்கு வந்துவிடுவான்.

மீன் பெருத்ததும் திருடர்கள் வந்தார்கள். இருட்டில் வலை வீசி அள்ளிக்கொண்டு போனார்கள். காந்தா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் வேலையில் இறங்கினாள். ஓசூர் ரோட்டில் கட்டடம் ஒன்று முடிந்து சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய நீலகிரிமரக் கழிகளை டிராக்டரில் ஏற்றி வந்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கமாக ஆணி அடித்து, குட்டை முழுவதும் நட்டாள். எங்கே வலை வீசினாலும் ஆணியில் மாட்டிக் கிழியும். நூறு கழி நட்டதாக ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, அறுபத்து நான்கு. தனக்கு மீன் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் கரையோரம் விட்டிருந்த வெற்றிடத்தில் தீனி போட்டு, அங்கே வலை இழுப்பாள்.

திருட்டு குறைந்தது. அந்தக் கழிகளைப் போல அவளுக்குப் பெருமை தந்தது வேறெதுவும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு மீனைக் காட்டும் முன்பு கழியைக் காட்டுவாள்.

1999 கடைசியில் மீன்கள் புதிதாக ஒரு விளையாட்டு விளையாடத் தொடங்கின. வேகமாக வந்து கழியில் பக்கவாட்டாக உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பும். சில மீன்கள் தண்ணீருக்கு மேலே துள்ளின.

"பாத்தியா, கழி வெச்சதுல இருந்து எவ்ளோ குஷியா இருக்குதுங்க!" என்றான் நாராயணசாமி.

"பின்ன? ஆளுக்கு ஒரு தூணு. கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதில்ல" என்றாள் காந்தா.

கரையில் நின்று நானும் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். அரிப்பில் சொறிந்துகொள்ளும் மீனைப் பார்க்கிறோம் என்பது எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

2000 ஜனவரியில், சங்கராந்திக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோவிந்தப்பா வீட்டுக்கு வழக்கம்போல் ஒரு பெரிய ரோகுவைக் கொடுத்தனுப்பினாள். கோவிந்தப்பாவின் மனைவி லட்சுமம்மா அதைக் கழுவ உட்கார்ந்தபோது, செதிலின் மேல் ஏதோ நகர்ந்தது. பருப்பளவு, தட்டை, கண்ணாடி போல உடம்பு. அது மீனை விட்டு அவள் கட்டைவிரலில் ஏறியது. லட்சுமம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"ஹுளா! மீனு தும்ப ஹுளா! தெகெது பிசாடு!" என்று தட்டோடு தூக்கித் தெருவில் எறிந்தாள். மீன் முழுக்கப் புழு, எடுத்து வீசு என்று அவள் கன்னடத்தில் கத்தியதை மறுநாள் முழுக்க ஆனேக்கல் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார்கள்.

கோவிந்தப்பா குட்டைக்கே வந்துவிட்டார். கோபக்காரர் அல்ல, ஆனால் வீட்டில் சோறு நிம்மதியாகத் தின்ன விரும்பும் மனிதர்.

"ஏனம்மா காந்தா, சூளைக்காரன் ஒரு வருஷமா மண்ணு கேக்கறான். நான் குடுக்கல. ஏன் குடுக்கல? வீட்ல மீனு வருது, நம்ம ஹெண்டத்தி லட்சுமம்மா சந்தோஷமா இருக்கா, அதுக்கு. இப்ப அவ என்ன சொல்றா தெரியுமா? குட்டைய மூடுங்கறா."

"அண்ணா, ஒரு மீனுல ஒரு பூச்சி..."

"ஒந்து இல்ல. நான் எண்ணினேன், பன்னெண்டு. யுகாதி மறுநாள் ஹொசதொடகு. அன்னிக்கு எங்க வீட்ல மாம்ச ஊட்டா, கறி விருந்து. லட்சுமம்மா உன் மீன கையில எடுத்தான்னா குட்டை உனக்கு. எடுக்கலன்னா தண்ணிய எறைச்சிட்டு சூளைக்காரனுக்கு. அஷ்டே."

அந்த வருடம் யுகாதி ஏப்ரல் ஐந்து. ஹொசதொடகு ஏப்ரல் ஆறு.

காந்தா அன்றைக்கே வலை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ரோகுவிலும் அந்தத் தட்டைப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. துடுப்பின் அடியில் சிவந்த புள்ளிகள். கட்லாக்கள் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தன. பொம்மசந்திராவில் இனிச் செவுளைத் தூக்கிக் காட்ட முடியாது.

மீன்வளத்துறையில் தியோடர் என்றொரு கள ஊழியர் இருந்தார். கண்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர். மொபெட்டில் குட்டை குட்டையாகச் சுற்றுகிறவர். காந்தா ஒரு பாட்டிலில் நான்கு பூச்சிகளைப் போட்டு அவர் மேஜைமேல் வைத்தாள்.

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மீன் பேனும்மா இது."

"பேனா?" காந்தாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்த எதிரி. "பேன்னா நான் பாத்துக்கறேன் சார்."

"தலைப் பேன் இல்லம்மா. மீன் மேல ஒட்டி ரத்தம் குடிக்கும். மருந்து இருக்கு, ஆனா அளவு தப்பினா பேனோட மீனும் போயிடும். குட்டை எவ்ளோ ஆழம்? நீர் எவ்ளோ? அளந்து எழுதிட்டு வாங்க. அப்புறம், தண்ணிக்குள்ள கல்லு, கட்டை, குச்சி ஏதாவது கெடக்குதா?"

"ஒரு குச்சிகூட இல்ல சார். என் குட்டைய நாக்கால நக்கலாம், அவ்ளோ சுத்தம்."

இதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. அந்த அறுபத்து நான்கும் அவள் கணக்கில் குச்சிகளே அல்ல. அவை காவல். வீட்டில் குப்பை உண்டா என்று கேட்டால் கதவைச் சேர்த்துச் சொல்வோமா?

குட்டையை அளக்க என்னைக் கூப்பிட்டாள். லாரி டியூபில் உட்கார்ந்துகொண்டு, கயிற்றில் கல் கட்டிப் பல இடங்களில் ஆழம் பார்த்துச் சொன்னேன். அதற்குத் தகுந்த மருந்தைத் தியோடர் எழுதிக் கொடுத்தார். விடிந்ததும் நாங்கள் மூவரும் வாளி வாளியாகக் கரைத்துக் குட்டை முழுக்கத் தெளித்தோம். பிடித்த பெரிய மீன்களை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தோம். மருந்து தெளித்த பிறகு தியோடர் சொன்ன நாள்வரை ஒரு மீன்கூட விற்கவில்லை. வாடிக்கைக்காரர்களிடம் "மீனுங்களுக்கு எண்ணெக் குளியல், வேற எங்கயாவது வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

வலை இழுத்தபோது பேன் இல்லை. துள்ளலும் நின்றது. நாராயணசாமி ஆனேக்கல் முழுவதும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான்.

பிப்ரவரி முடிவதற்குள் மீன்கள் மறுபடியும் கழியில் உரசத் தொடங்கின. இந்த முறை அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

காந்தா கரையில் உட்கார்ந்து ஒரு ரோகுவை மடியில் வைத்துக்கொண்டு தேடினாள். என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, செதில் செதிலாக, துடுப்பு துடுப்பாக, பேன் சீப்பு காலத்துப் பொறுமையோடு பார்த்தாள். புதுப் பேன்கள் சின்னச் சின்னதாக இருந்தன.

"குஞ்சுப் பேனு. எல்லாம் இப்பத்தான் பொரிச்சிருக்குது. அப்ப ஈரு எங்க? மீனு மேல ஒரு ஈருகூட இல்லியே!"

"மீனுக்கு முடி இல்லியே, எங்க ஒட்டும்?" என்றான் நாராயணசாமி.

மீனில் ஒட்டாத ஈர் வேறெங்கோ ஒட்டியிருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது. அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மீனை வாளியில் விட்டுவிட்டு எழுந்து, நேராக பஸ் ஏறித் தியோடரிடம் போய் நின்றாள்.

"சார், இந்தப் பேனு ஈரு வெக்குமா, வெக்காதா?"

"வெக்காம? மீன விட்டு எறங்கிப் போய் முட்ட போடும். கல்லு, கட்டை, எது கெட்டியா இருக்கோ அதுல ஒட்டி வெக்கும். மருந்து அந்த முட்டைய ஒண்ணும் பண்ணாது. அதான் அன்னிக்கே கேட்டேன், குச்சி ஏதாவது இருக்கான்னு. நீங்க இல்லன்னீங்க."

"இல்லதான் சார். நீங்களே வந்து பாருங்க."

தியோடர் அன்று மாலையே வந்தார். மொபெட்டை நிறுத்தியவர் ஸ்டாண்டு போட மறந்து அப்படியே நின்றார். குட்டை நிறைய எட்டு வரிசைக் கழிகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"ஏம்மா... இது என்னம்மா?"

"அதுவா? திருடனுக்கு வெச்சது சார். ஆணி அடிச்சிருக்கேன்."

"ஒரு குச்சிகூட இல்லன்னீங்களே!"

"குச்சியா இது?" என்று ரோஷத்தோடு தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பக்கத்துக் கழியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். தண்ணீருக்குள் இருந்த பகுதியைத் திருப்பிப் பார்த்தாள். மரப்பட்டை மேல் பழுப்பு நிறத்தில், கசகசா போல, கோடு கோடாக வரிசை கட்டி ஒட்டியிருந்தன. நகத்தால் கீறினாள். வரவில்லை. ஈர் வராது என்பது அவளுக்குத் தெரியாததா?

தியோடர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "அறுபத்து நாலு பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்திருக்கீங்கம்மா! எந்த கவர்மெண்டும் செய்யாது!"

முதலில் காந்தாவுக்கு அழுகைதான் வந்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தானும் சிரித்துவிட்டாள்.

"சரி, எல்லாத்தயும் புடுங்கி எறிஞ்சுடறேன்."

"எறிஞ்சுட்டா?" என்றார் தியோடர். "முட்ட போட எடம் இல்லன்னா அது வேற எங்கயாவது தேடும். கரையில இருக்கற கல்லுல போடும், நமக்குத் தெரியாது. கழி இருக்கட்டும். அதுல வந்து போடட்டும். பொரிக்கறதுக்கு முன்னாடி புடுங்கி வெயில்ல காயப் போடுங்க. காஞ்சா செத்துரும். திரும்ப நடுங்க. திரும்பப் புடுங்குங்க. நடுவுல மருந்து ஒருதரம். ஆனா இதுக்கு நல்லா நீச்சல் தெரிஞ்ச நாலு ஆளு வேணும்."

ஞாயிறுக்கு ஞாயிறு முப்பத்திரண்டு கழி பிடுங்க வேண்டும் என்று கணக்கானது. ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி. ஆணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவன் இறங்கினால் தொடை கிழியும். கூலிக்கு வந்து பார்த்த இரண்டு பேர் ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாராயணசாமி முழங்கால் வரை இறங்கி, அங்கிருந்து ஊக்கம் சொல்லத் தயாராக இருந்தான்.

இருட்டில்கூட ஆணியில் மாட்டாமல் இந்தக் குட்டையில் நீந்தக் கூடியவர்கள் யார் என்று காந்தா யோசித்தாள். பதில் கிடைத்ததும் பொம்மசந்திராவுக்குப் புறப்பட்டாள்.

ஷங்கர் என்பவன் அங்கே ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். மூன்று கூட்டாளிகளோடு ஒரு அறையில் இருந்தான். யார் வலை வீசுகிறார்கள் என்பது காந்தாவுக்கு வெகு நாளாகவே தெரியும். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் முடியவில்லை. கதவைத் தட்டினாள். நால்வரும் லுங்கியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா" என்றான் ஷங்கர், குரல் கொஞ்சம் இறங்கிப்போய்.

"என் குட்டையில எறங்கி வேல செய்யணும். வர்றீங்களா?"

"எங்களுக்கு உங்க குட்ட எங்க இருக்குதுன்னே தெரியாதுக்கா."

"தெரியாதா? உன் கெண்டக்கால்ல கிழிச்சிருக்குதே, அது யாரு ஆணி? மூணாவது வரிச, ரெண்டாவது கழி. அந்த ஆணிய மட்டும்தான் நான் கீழ பாத்து அடிச்சேன்."

மற்ற மூவரும் ஷங்கரின் காலைப் பார்த்தார்கள். ஷங்கர் லுங்கியைத் தழைத்துவிட்டான்.

"அது பழைய கத அக்கா. நாங்க வந்தே ரெண்டு மாசம் ஆவுது."

"ஏன்? திருந்திட்டீங்களா?"

"அதில்ல..." அவன் சொல்லத் தயங்கினான். கூட்டாளி ஒருவன் எடுத்துக் கொடுத்தான்: "மீனு மேல பூச்சி ஊருதுக்கா. கொமட்டுது. தின்ன முடியல."

காந்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமம்மா தட்டோடு எறிந்தபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. "திருடன்கூட வேணான்னு சொல்ற மீனா வளக்கறேன் நானு?" என்றாள். பிறகு நடந்ததெல்லாம் சொன்னாள்: பேன், ஈர், கழி, சூளைக்காரன், ஹொசதொடகு. "அஞ்சு ஞாயித்துக்கெழம. கூலி உண்டு. மத்தியானம் சோறு உண்டு. போலீசுக்குப் போவ மாட்டேன்."

"சோத்துக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டான் ஷங்கர்.

"மீன் கொழம்பு இல்ல. பயப்படாத. கோழி."

மார்ச் ஐந்தாம் தேதி ஞாயிறு, நால்வரும் வந்து இறங்கினார்கள். எந்தக் கழியில் எந்தப் பக்கம் ஆணி என்று நட்டவளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "இது எனக்குத் தெரிஞ்ச கழி", "இது என் புது வலையக் கிழிச்ச கழி" என்று உறவு சொல்லிக்கொண்டே பிடுங்கினார்கள். லாரி டியூபில் கட்டி இழுத்துக் கரையில் பரப்பினார்கள். நாராயணசாமி உருட்டி உருட்டி வெயில் காட்டினான். அவனுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. தண்ணீர் படாத வேலை. இரண்டு நாள் காய்ந்ததும் காந்தா தேங்காய் நார்க் கட்டையால் தேய்த்துவிட்டு, கரையோரம் இருந்தவற்றைத் தானே நட்டாள். ஆழத்தில் இருந்தவை அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தன. தியோடர் சொன்னபடி மருந்தும் ஒருமுறை தெளித்தாயிற்று.

நடுவில் ஒரு தடங்கல். மூன்றாவது ஞாயிறு கம்பெனியில் ஓவர்டைம் என்று நால்வரும் வரவில்லை. அன்றைக்கு விட்டுவிட்டால் முட்டை பொரிந்துவிடும். காந்தா தானே டியூபைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனாள். கரையில் நின்று பார்த்த நாராயணசாமி, கழுத்தளவு தண்ணீரில் அவள் தலை மட்டும் தெரிந்தபோது, ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு இடுப்பளவு வரை வந்துவிட்டான்.

"ஏய், கரைக்குப் போ! உன்னயும் சேத்துப் புடுங்க என்னால முடியாது!" என்று அவள் கத்தினாள். அவன் போகவில்லை. அவள் பிடுங்கிக் கொடுத்த கழிகளை மாலை வரை வாங்கிக் கரை சேர்த்தான். அன்று முப்பத்திரண்டில் இருபத்தொன்பது வந்தன. மீதி மூன்றை ஷங்கர் ஷிஃப்ட் முடிந்து திங்கட்கிழமை காலை வந்து பிடுங்கினான்.

ஏப்ரல் ஆறு. லட்சுமம்மா தானே குட்டைக்கு வந்தாள். வீட்டுக்கு அனுப்பிய மீனை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பின்னால் கோவிந்தப்பா, அவருக்குப் பின்னால் சூளைக்காரர் ஒரு குடையோடு. கரையோரம் வலை இழுத்து ஒரு கட்லாவையும் இரண்டு ரோகுவையும் வாழையிலையில் போட்டார்கள்.

லட்சுமம்மா குந்தி உட்கார்ந்தாள். முதலில் ஒரு குச்சியால் தொட்டாள். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு விரலால் செதிலைத் தடவினாள். துடுப்பைத் தூக்கினாள். செவுளைப் பிரித்தாள். வயிற்றின் அடியில் திருப்பினாள். மூன்று மீனும் முடிந்து, மறுபடி முதல் மீனுக்குப் போனாள். சூளைக்காரர் குட்டையின் எந்த மூலையில் மண் நன்றாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லா" என்றாள் லட்சுமம்மா கடைசியில். அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம்போல் இருந்தது. ஒரு ரோகுவையும் கட்லாவையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டாள். "இன்னொந்து பேகு காந்தா. சந்தாபுரத்துல தங்கச்சி இருக்கா. அவளுக்கு."

வலையைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. மறுபடி தீனி போட்டு, மீன் கூடும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும். சூளைக்காரர் குடையை மடித்துக்கொண்டு கிளம்பினார். கோவிந்தப்பா கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"ஆயித்தம்மா. ஒரு வருஷம், போன வருஷம் மாதிரியே."

காந்தா தவிட்டைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ஒரு வருஷம் வேணாம் அண்ணா. மூணு வருஷம் எழுதுங்க."

"மூணா? யாக்கே?"

"வருஷா வருஷம் அக்கா வந்து செவுளத் தூக்கறத நின்னு பாக்க எனக்கு உசுரு இல்ல."

கோவிந்தப்பா மனைவியைப் பார்த்தார். லட்சுமம்மா பையைத் திறந்து கட்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்க, சும்மா பேசாதீங்க" என்றாள் தலை நிமிராமல். "சீக்கிரம் எழுதுங்க. மீனு கெட்டுப் போகுது."

2003 யுகாதி வரை என்று முடிவானது. காந்தா ஒரு பிடி தவிட்டைத் தண்ணீரில் வீசினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி, ஒரு பெரிய ரோகுவின் முதுகு மேலே வந்தது.

"நாராயணசாமி, வலை!" என்றாள்.

நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலைத் தாண்டி இறங்கினான்.